எரியாத பல்பு

(உடுமலைப்பேட்டையில் நடந்த குறுவள மையக் கூட்டத்தில் பட்டதாரி ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

மின்னோட்டம் பாடத்தை எப்படி நடத்துகிறீர்கள் என்று இருபது நிமிடம் பேசச் சொன்னார்கள். ஒரு பழைய டிராக்டரைப் பற்றிப் பேசப் போகிறேன். தமிழ், சமூக அறிவியல் ஆசிரியர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும். உங்கள் வீட்டிலும் ஒரு ஸ்கூட்டர் காலையில் ஸ்டார்ட் ஆகாமல் நிற்கும், அப்போது இது உதவும்.

ஒன்பதாம் வகுப்பில் ஒரு மாணவன். வாரத்தில் ஒரு நாள் வரமாட்டான், இல்லையென்றால் முதல் பாடவேளை முடிந்து வருவான். கையெல்லாம் கிரீஸ். கேட்டால், "டிராக்டர் தள்ளப் போயிட்டேங்க டீச்சர்" என்பான். அவன் அப்பாவுக்குத் திருமூர்த்தி மலைப் பக்கம் தென்னந்தோப்பு. மரங்களுக்கு நடுவே ஓட்டுவதற்காகப் பழையதாக வாங்கிய, 20 குதிரைத்திறனுக்கும் குறைந்த சின்ன டிராக்டர் ஒன்று வைத்திருக்கிறார். உழவு, மட்டை இழுப்பது, தண்ணீர் டேங்கர், எல்லாம் அதில்தான். அதில் செல்ஃப் எடுப்பதில்லை. அதனால் வண்டியை எப்போதும் மேட்டில்தான் நிறுத்துவார்கள். காலையில் இறக்கத்தில் தள்ளிவிட்டு, கியரைப் போட்டு, கிளச்சை விட்டு உயிர் கொடுப்பார்கள். தள்ளுவதற்கு ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் நம் மாணவன்.

பெற்றோர் கூட்டத்துக்கு அவர் வந்தபோது, பையன் வராததைக் கேட்டேன். "ஏனுங் டீச்சர், நான் வேணும்னா நிறுத்தறேன்? பேட்டரி உக்காந்து போகுதுங்க" என்றார். நான் இயற்பியல் படித்தவள் இல்லையா, உடனே ஆலோசனை சொல்லிவிட்டேன். பேட்டரி வாங்கி எத்தனை வருடம் என்று கேட்டேன். மூன்று வருடத்துக்கு மேல் என்றார். "அப்படியானால் பேட்டரிதான் போயிருக்கும், மாற்றிவிடுங்கள்" என்றேன். டீச்சர் சொன்னார்கள் என்று மாற்றியும் விட்டார். பழையதைக் கொடுத்து, மேலே சில ஆயிரம் ரூபாய் போட்டுப் புதியது. வெள்ளை ஈ வந்ததிலிருந்து காய்ப்பு குறைந்துபோன தோப்பில் அது சின்னத் தொகை இல்லை. இரண்டே வாரத்தில் புதுப் பேட்டரியும் உட்கார்ந்துவிட்டது. பையன் மறுபடியும் கிரீஸ் கையோடு வந்தான். என்னைக் குறை சொல்லவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

பட்டறையில் கேட்டதற்கு, டைனமோவையே மாற்ற வேண்டும் என்றார்களாம். நம் ஊரில் ஆல்டர்னேட்டரையும் டைனமோ என்றுதான் சொல்வார்கள். அந்தச் செலவைச் செய்வதற்கு முன் ஒரு முறை அளந்து பார்த்துவிடலாம் என்று நான்தான் நிறுத்தி வைத்தேன். வகுப்பிலும் சொன்னேன்: "போன மாதம் நான் அளக்காமல் சொல்லிவிட்டேன். இந்த முறை அளந்துவிட்டுச் சொல்லலாம்." பிள்ளைகளுக்கு இதில் ஒரு சந்தோஷம். டீச்சர் தப்பு செய்தது ஊருக்கே தெரிந்துவிட்டது அல்லவா.

முதல் வேலையாக அந்தப் பையனிடம் ஒரு நோட்டு கொடுத்து, தினமும் வண்டி என்ன வேலை செய்தது, மறுநாள் காலை செல்ஃப் எடுத்ததா என்று எழுதச் சொன்னேன். மூன்று வாரம் எழுதினான். ரோட்டவேட்டர் போட்டு உழுத நாளுக்கு மறுநாள் பெரும்பாலும் ஸ்டார்ட் ஆகியிருந்தது. மட்டை இழுத்த நாளுக்கு மறுநாள் ஆகவில்லை. எனக்கு அப்போது காரணம் புரியவில்லை. அந்த நோட்டை மட்டும் பத்திரமாக வைத்துக்கொண்டேன்.

பிறகு ஒரு சனிக்கிழமை, தலைமை ஆசிரியரிடமும் பெற்றோரிடமும் ஒப்புதல் வாங்கி, பதினோரு பேரைத் தோப்புக்கு அழைத்துப் போனேன். கையில் சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர், எலக்ட்ரிக்கல் கடையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைப்பது. அதன் முனைகளில் நீளமான ஒயர் சேர்த்துக்கொண்டேன். என்ஜின் ஓடும்போது பிள்ளைகள் பக்கத்தில் நிற்கக் கூடாது என்பதற்காக. பெல்ட்டும் ஃபேனும் ஓடுகிற இடத்தில் சடை, துப்பட்டா, வேட்டி நுனி எதுவும் வரக் கூடாது. முனைகளை வைப்பது நானும் அவன் அப்பாவும். எண்ணைப் படித்து எழுதுவது பிள்ளைகள். பேட்டரியில் இருப்பது கந்தக அமிலம், சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு வரும், பக்கத்தில் தீக்குச்சியோ தீப்பொறியோ ஆகாது. இதைச் சொல்லிவிட்டுத்தான் தொடங்கினேன்.

இரவு முழுவதும் சும்மா இருந்த பேட்டரியை அளந்தோம். 12.1 வோல்ட். "பன்னெண்டு இருக்குதே, நல்லாத்தான இருக்குது" என்றாள் ஒரு பெண். எல்லோரும் இங்கேதான் ஏமாறுகிறோம். 12 வோல்ட் என்பது அதன் பெயர். உள்ளே ஆறு மின்கலம், ஒவ்வொன்றும் ஏறக்குறைய 2.1 வோல்ட். அப்படியானால் முழுதாக ஏறிய பேட்டரி 12.6 காட்ட வேண்டும். 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. 11.9 என்றால் ஏறக்குறைய காலி. நம் பாடப்புத்தகக் கணக்குகளில் பேட்டரி எப்போதும் 12 வோல்ட்டிலேயே நிற்கும். தோப்பில் அது நிற்பதில்லை என்பதைப் பிள்ளைகள் பார்த்தார்கள்.

வண்டியைத் தள்ளி ஸ்டார்ட் செய்து, என்ஜினை நடுத்தர வேகத்தில் ஓடவிட்டு, பேட்டரி முனைகளில் மறுபடியும் அளந்தோம். சார்ஜ் ஏறும் வண்டியில் இது 14 வோல்ட்டை ஒட்டி இருக்க வேண்டும், 13.8 முதல் 14.4 வரை என்று வைத்துக்கொள்ளலாம். எங்களுக்கு வந்தது 12.1. முகப்பு விளக்கைப் போட்டதும் 11.8. வண்டி ஓடுகிறது, பேட்டரிக்கு ஒன்றும் வரவில்லை.

"பன்னெண்டு வோல்ட் பேட்டரிக்கு எதுக்குங்க டீச்சர் பதினாலு?" என்று ஒருவன் கேட்டான். பக்கத்தில் பி.ஏ.பி. வாய்க்கால் இருந்தது, பதிலும் அங்கேயே கிடைத்தது. வாய்க்கால் மட்டமும் வயல் மட்டமும் ஒன்றாக இருந்தால் மடையைத் திறந்தாலும் தண்ணீர் பாயாது, வாய்க்கால் உயரத்தில் இருந்தால்தான் பாயும். வாய்க்கால் தாழ்ந்துவிட்டால் வயலில் இருக்கிற தண்ணீரும் திரும்பி ஓடிவிடும் என்று ஒரு பையன் சேர்த்துச் சொன்னான். ஆல்டர்னேட்டரில் அப்படித் திரும்பி ஓடாமல் தடுப்பது டையோடு. அதை அன்று விளக்கவில்லை, ஆனால் கேள்வியை அவர்களே கொண்டுவந்துவிட்டார்கள்.

இங்கே ஒரு பழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். வண்டி ஓடும்போது பேட்டரி முனையைக் கழற்றிப் பார்ப்பார்கள். நின்றுவிட்டால் டைனமோ சரியில்லை, ஓடினால் சரி என்பார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். பேட்டரி இல்லாமல் ஆல்டர்னேட்டரை ஓடவிட்டால் மின்னழுத்தம் திடீரென்று எகிறி டையோடையும் ரெகுலேட்டரையும் கெடுத்துவிடும். அது போக, இது பழைய டீசல் என்ஜின். ஸ்பார்க் பிளக் கிடையாது, எரிபொருள் பம்பும் என்ஜினே சுற்றும் இயந்திரம். ஸ்டார்ட் ஆனபின் ஓடுவதற்கு மின்சாரமே வேண்டாம். கழற்றினாலும் ஓடும், அதிலிருந்து ஒன்றும் தெரியாது. அவன் அப்பா சிரித்துக்கொண்டே, "நாலு தடவ கழட்டிப் பாத்துட்டனுங்க டீச்சர்" என்றார்.

பெல்ட்டை என்ஜினை நிறுத்திவிட்டுக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தோம். ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு இறங்கியது, அது சரி. ஆல்டர்னேட்டரின் தடித்த வெளியீட்டுக் கம்பி முனையிலும் பேட்டரியின் அதே 12.1 வந்தது, அப்படியானால் அந்தக் கம்பி எங்கும் அறுந்துபோகவில்லை. நானும் பட்டறை சொன்னதுதான் சரியோ என்று நினைக்க ஆரம்பித்தேன்.

அப்போதுதான் டேஷ்போர்டைப் பார்த்தேன். பேட்டரி படம் போட்ட சிவப்பு விளக்கு ஒன்று பல வண்டிகளில் இருக்கும். சார்ஜ் ஏறவில்லை என்றால் எரியும். இங்கே சார்ஜ் ஏறவில்லை, ஆனால் விளக்கு எரியவில்லை. அவன் அப்பாவைக் கேட்டால், "அது எரியறதே இல்லீங்க. அதனாலதான் டைனமோ நல்லாருக்குதுன்னு நெனச்சேன்" என்றார். என்ஜினை நிறுத்தி, சாவியை மட்டும் ஆன் செய்யச் சொன்னேன். அப்போதாவது எரிய வேண்டும். எரியவில்லை. பல்பைக் கழற்றினோம். இழை அறுந்து உள்ளே தொங்கியது.

நண்பர்களே, இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கிறேன். ஒன்பதாம் வகுப்பின் மின்காந்தவியல் பாடமும் மின்னழுத்த வேறுபாடும் இந்தப் பல்பில் சந்திக்கின்றன.

காந்தப் புலத்தில் கம்பிச் சுருள் நகர்ந்தால் மின்சாரம் பிறக்கும் என்று 1831இல் ஃபாரடே காட்டினார் என்று நடத்துகிறோம். படத்தில் ஒரு சட்டக் காந்தம் வரைகிறோம். ஆல்டர்னேட்டருக்குள் அப்படிப்பட்ட நிலைக் காந்தம் கிடையாது. நடுவில் சுழல்வது ஒரு மின்காந்தம். அதை முதலில் காந்தமாக்கவே கொஞ்சம் மின்சாரம் வேண்டும். மின்சாரம் உண்டாக்க மின்சாரம். இந்த வகை ஆல்டர்னேட்டரில் அந்த முதல் மின்சாரம் எந்த வழியாகப் போகிறது தெரியுமா? அந்தச் சிவப்பு பல்பின் இழை வழியாகத்தான். சாவியிலிருந்து பல்பு, பல்பிலிருந்து ஆல்டர்னேட்டரின் சிறு முனை, அங்கிருந்து சுருள், பிறகு எர்த். 12 வோல்ட், 3 வாட் பல்பு என்றால் கால் ஆம்பியர். தொடங்கி வைக்க அது போதும், அதன்பின் ஆல்டர்னேட்டர் தன் சொந்த மின்சாரத்திலேயே காந்தத்தை வளர்த்துக்கொள்ளும்.

ஆக, பழுதைச் சொல்ல வேண்டிய விளக்கே பழுதாகி, பழுதையும் உண்டாக்கி, எல்லாம் சரி என்பது போல இருட்டாக இருந்திருக்கிறது.

பிறகுதான் அந்த நோட்டின் விஷயம் எனக்கு விளங்கியது. இரும்பில் போன முறை இருந்த காந்தம் துளி எஞ்சியிருக்கும். வேகமாகச் சுழன்றால் அந்தத் துளியே போதும், மெல்ல மெல்ல வளர்ந்து சார்ஜ் தொடங்கிவிடும். எஞ்சிய காந்தத்திலிருந்தே மின்னியற்றி தன்னை எழுப்பிக்கொள்ளும் என்று வெர்னர் சீமென்ஸும் சார்ல்ஸ் வீட்ஸ்டனும் தனித்தனியே கண்டு எழுதியவை 1867இல் லண்டன் ராயல் சொசைட்டியில் ஒரே நாளில் வாசிக்கப்பட்டன. ரோட்டவேட்டர் ஓட்ட என்ஜினை வேகமாக வைக்க வேண்டும், அன்று ஏறியது. மட்டை இழுக்கும்போது மெதுவாகப் போவார்கள், அன்று ஏறவில்லை. அந்தப் பையன் மூன்று வாரம் எழுதியது சீமென்ஸின் தத்துவம். நான் அதைப் படித்துவிட்டு எம்.எஸ்சி. வரை போனவள், நோட்டைப் பார்த்ததும் எனக்குத் தோன்றவில்லை.

நம் ஊரைச் சுற்றி நிற்கிற காற்றாலைகளையும் சொன்னேன். பழைய வகைக் காற்றாலைகள் பலவற்றில் இருப்பது தூண்டல் மின்னியற்றி. தன்னைக் காந்தமாக்கிக்கொள்ள அவை மின்வாரியக் கம்பியிலிருந்துதான் மின்சாரம் வாங்குகின்றன. கம்பியில் மின்சாரம் இல்லையென்றால், ஆடிக் காற்று எவ்வளவு அடித்தாலும் அவற்றால் மின்சாரம் தர முடியாது. காற்று அடிக்கும்போது கரண்ட் போனால் காற்றாலையிலிருந்து நேராக எடுத்துக்கொள்ளலாமே என்று பிள்ளைகள் வெகுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அடுத்தது மின்னழுத்த வேறுபாடு. பல்பு வாங்கிப் போட்டோம், விலை ஒரு டீயும் வடையும் ஆகிற அளவுதான். சாவியைப் போட்டதும் எரிந்தது. ஸ்டார்ட் செய்ததும் அணைந்தது. "ஏன் அணைந்தது?" என்று கேட்டேன். "கரண்ட் வர்றது நின்னுருச்சு" என்றார்கள். பல்பின் இரண்டு முனையையும் தனித்தனியாக எர்த்தோடு சேர்த்து அளந்து காட்டினேன். இந்தப் பக்கம் 13.5, அந்தப் பக்கமும் 13.5. கூட்டம் அமைதியாகிவிட்டது. இரண்டு பக்கமும் மின்னழுத்தம் இருக்கிறது, பல்பு எரியவில்லை. மின்கம்பியில் உட்கார்ந்த குருவிக்கு ஏன் ஒன்றும் ஆவதில்லை என்று ஆறு வருடமாக வகுப்பில் விளக்கி வருகிறேன். தலையாட்டுவார்கள். அன்றுதான் ஒரு பெண், "அப்ப வோல்ட் இருந்தா போதாதுங்க டீச்சர், வித்தியாசம் இருக்கோணும்" என்றாள். "வேறுபாடு" என்ற சொல்லை நாம் வாசிக்கிற வேகத்தில் அவர்கள் கேட்பதே இல்லை என்று எனக்கு அப்போது தோன்றியது.

ஓர் எச்சரிக்கை. சிலர் அந்த இடத்தில் எல்.இ.டி. போட்டுவிடுகிறார்கள். அது எரியும், ஆனால் அதன் வழியாகப் போகும் மின்னோட்டம் மிகக் குறைவு, ஆல்டர்னேட்டரை எழுப்பப் போதாமல் போகலாம். இழை பல்பே போட வேண்டும்.

வேலை முடிந்தது என்று நினைத்தோம். ஆனால் எல்லா விளக்கையும் போட்டபின் பேட்டரியில் 13.05தான் வந்தது. முன்பைவிட மேல், ஆனால் போதாது. ஆல்டர்னேட்டரின் வெளியீட்டு முனைக்கும் அதன் உடம்புக்கும் நடுவே அளந்தால் 14.1. உற்பத்தியாகிற இடத்தில் 14.1, சேருகிற இடத்தில் 13.05. நடுவில் ஒரு வோல்ட்டுக்கு மேல் எங்கே போயிற்று?

இதைக் கண்டுபிடிக்கும் வழி எனக்கு ரொம்பப் பிடித்தது. மீட்டரின் ஒரு முனையை ஆல்டர்னேட்டரின் வெளியீட்டிலும், மறுமுனையை பேட்டரியின் பாசிடிவ்விலும் வைத்தோம். 0.15 வோல்ட். நீளக் கம்பிக்கு இது பரவாயில்லை. பிறகு ஒரு முனையை ஆல்டர்னேட்டரின் உடம்பிலும், மறுமுனையை பேட்டரியின் நெகடிவ்விலும் வைத்தோம். இரண்டும் எர்த், வேறுபாடு ஏறக்குறைய பூஜ்யமாக இருக்க வேண்டும். 0.9 வந்தது. ஒரு பையன் மண்ணில் குச்சியால் எழுதிக் கூட்டினான்: 0.15, 0.9, 13.05. மொத்தம் 14.1. கிர்க்காஃப் பெயரை நான் சொல்லவே இல்லை.

ஆல்டர்னேட்டருக்கு எர்த் கம்பி தனியாக இல்லை. அது இரும்புப் பிடிப்பில் என்ஜினோடு முடுக்கப்பட்டிருக்கிறது, அந்தத் தொடர்புதான் எர்த். என்ஜின் முழுக்கப் பளபளவென்று பச்சை பெயின்ட். விசாரித்தால், ஆயுத பூஜைக்கு எல்லாவற்றையும் கழற்றிப் பெயின்ட் அடித்து மாட்டினோம் என்றார்கள். பெயின்ட் மின்கடத்தாப் பொருள். போல்ட்டின் மரை வழியாகக் கொஞ்சமாகத்தான் மின்சாரம் போய்க்கொண்டிருந்தது. பொட்டு வைத்த பெயின்டைச் சுரண்ட அவன் அப்பாவுக்கு மனம் வரவில்லை. பிடிப்பு உட்காரும் இடத்தை மட்டும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மறுபடி முடுக்கினோம். 0.9 என்பது 0.05 ஆனது. பேட்டரியில் 13.9 வந்தது.

திங்கட்கிழமை வகுப்பில் இதையே கணக்காகப் போட்டேன். விளக்குகளுக்கு மட்டும் சுமார் 9 ஆம்பியர் என்று கொண்டால், 0.9ஐ 9ஆல் வகுக்க 0.1 ஓம். பேட்டரிக்குப் போவதையும் சேர்த்தால் இன்னும் குறைவு. இவ்வளவு சின்ன மின்தடையை எங்கள் மீட்டரின் ஓம் பகுதியில் நம்பி அளக்க முடியாது, அதன் ஒயர்களுக்கே அவ்வளவு மின்தடை உண்டு. ஆனால் மின்னோட்டம் ஓடும்போது வோல்ட்டை அளந்து வகுத்தால் கிடைத்துவிடுகிறது. ஓம் விதி எதற்குப் பயன்படும் என்ற கேள்விக்கு இதைவிட நல்ல பதில் என்னிடம் இதுவரை இருந்ததில்லை.

மற்ற வண்டிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இன்னும் பழைய டிராக்டர்களில் நிஜமான டைனமோவும் கட்-அவுட் பெட்டியும் இருக்கும். சில சிறு இயந்திரங்களில் நிலைக் காந்தமே சுழலும், அவற்றில் பல்பு போனால் சார்ஜ் நிற்காது. வண்டி நிற்கும்போதே மின்சாரம் எங்காவது கசிந்து பேட்டரி இறங்குவதும் உண்டு. வண்டி எதுவானாலும் நிறுத்தியிருக்கும்போது ஒரு முறை, ஓடும்போது ஒரு முறை, விளக்குப் போட்டு ஒரு முறை என்று பேட்டரியை மூன்று தடவை அளந்துவிட்டால், எந்தப் பக்கம் தேடுவது என்று தெரிந்துவிடும். ஆம்பியர் அளக்க மட்டும் சாதாரண மீட்டரை பேட்டரி முனைகளில் நேரடியாக வைத்துவிடாதீர்கள், அது குறுக்குச் சுற்று.

நான் மாற்றச் சொன்ன பழைய பேட்டரி நல்லதாக இருந்ததா என்று இனித் தெரியாது. கடைக்காரர் அப்போதே எடுத்துக்கொண்டுவிட்டார். அந்தப் பணத்தைப் பற்றி அவன் அப்பாவிடம் வருத்தம் சொன்னேன். "விடுங்க டீச்சர், டைனமோ காசு மிச்சமாச்சுல்ல" என்றார். பையன் இப்போது காலையில் வந்துவிடுகிறான். தேங்காய் வெட்டும் நாளில் மட்டும் வருவதில்லை, அதற்கு மீட்டரில் வழி இல்லை.

அந்தச் சிவப்பு பல்பை இந்த வருடம் தேர்விலும் கேட்டேன். இரண்டு முனையிலும் 14 வோல்ட் இருக்கும் பல்பு எரியுமா, காரணம் கூறு என்று. தோப்புக்கு வந்த பதினோரு பேரில் ஒன்பது பேர் சரியாக எழுதினார்கள். வராதவர்களில் பாதிக்கு மேல், பிரகாசமாக எரியும் என்று எழுதியிருந்தார்கள். எல்லோரையும் தோப்புக்கு அழைத்துப் போக முடியாது. அதனால் ஒரு பலகையில் பைக் பேட்டரி இரண்டு, ஒரு பல்பு, ஒரு சுவிட்ச் வைத்து, பல்பின் இரண்டு முனைக்கும் ஒரே மின்னழுத்தம் கொடுத்து அணைத்துக் காட்டும்படி செய்திருக்கிறேன். அதைக் கொண்டு வந்திருக்கிறேன், பின்வரிசை மேசையில் இருக்கிறது. மீட்டரும் பையில் இருக்கிறது. சாப்பாட்டுக்குப் பிறகு, காலையில் வண்டியை உதைத்து உதைத்து ஸ்டார்ட் செய்து வந்தவர்கள் வாசலுக்கு வாருங்கள், அளந்து பார்க்கலாம்.